மலாக்கா - ஜொகூர் பேரரசு: வாரிசுச் சண்டைகள் அதை எப்படித் துண்டாக்கின?

புக்கிட் ரம்பாயிலிருந்து கிளேபாங் வழியாக மலாக்கா டவுனுக்குப் போனால், தெங்கேராவில் அடுக்குக் கூரையோடு ஒரு பழைய பள்ளிவாசலைப் பார்ப்பீங்க. அதன் வளாகத்தில் ஒரு சுல்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவர் மலாக்காவை ஆண்டவர் இல்லை. 1819-இல் ராஃபிள்ஸோடு சிங்கப்பூர் ஒப்பந்தத்தைச் செய்துகொண்ட சுல்தான் ஹுசைன் ஷா அவர்.

சிங்கப்பூரில் பட்டம் கட்டப்பட்டவர் 1835-இல் மலாக்காவில் வந்து ஏன் காலமானார்? அதைப் புரிந்துகொள்ள கிட்டத்தட்ட 400 வருஷம் பின்னால் போகணும்.

பள்ளிக்கூட செஜாரா பாடத்தில் 1511 என்றதும் அல்புகெர்க், பீரங்கி, ஆ ஃபாமோசா கோட்டைதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அன்று பறிபோனது நகரம்தான். அரச குடும்பம் தப்பித்தது. ஜொகூர், ரியாவ், லிங்கா என்று இடம் மாறி மேலும் 300 வருஷம் அரசாட்சி தொடர்ந்தது. அதைத் துண்டாக்கியதில் பெரும் பங்கு, "அடுத்து யார்?" என்ற கேள்விக்கு உறுதியான ஒரு விதி இல்லாமல் போனதற்கு உண்டு.

மூத்தவரா, ராணியின் மகனா?

முதல் பெரிய மோதல் 1446-இல் நடந்தது. அதன் நடுவில் இருந்தது ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பம்.

தென்னிந்தியாவிலிருந்து வந்த மணி புரிந்தன் என்பவர் மலாக்காப் பிரபு குடும்பத்தில் பெண் எடுத்தார் என்கிறது 'செஜாரா மெலாயு'. அவருக்கு இரண்டு பிள்ளைகள்: துன் ரத்னா வாதி, துன் அலி. ரத்னா வாதி சுல்தான் முகமது ஷாவை மணந்தார். அவர்களின் மகன் ராஜா காசிம், வயதில் மூத்தவர். ஆனால் சுல்தானின் இன்னொரு மனைவி சுமத்ராவின் ரொக்கான் அரச குடும்பத்துப் பெண். அதனால் அவருடைய சின்னப் பையன் ராஜா இப்ராஹிமுக்குத்தான் பட்டம் கிடைத்தது. பெயர் பையனுக்கு, அதிகாரம் ரொக்கான் ராஜாவுக்கு.

ஒதுக்கப்பட்ட காசிம் மீன் பிடித்துப் பிழைத்தார் என்கிறது அந்த நூல். ஒரு நாள் இரவு, தாய்மாமன் துன் அலியின் துணையோடு அரண்மனையைத் தாக்கினார். கலவரத்தில் ரொக்கான் ராஜா, தன் கையிலிருந்த சிறுவன் சுல்தானைக் குத்திக் கொன்றார். அந்தப் பையனை வரலாறு 'அபு ஷாஹித்' என்ற பெயரில் ஞாபகம் வைத்திருக்கிறது. காசிம், முசாபர் ஷாவாக அரியணை ஏறினார்.

ஒன்றை மறக்க வேண்டாம். 'செஜாரா மெலாயு'வைத் தொகுத்த துன் ஸ்ரீ லானாங்கே ஒரு பெண்டஹாரா, அதாவது முதலமைச்சர். அந்த வம்சத்துக் கதையை அந்த வம்சத்துக்காரரே சொல்கிறார். கொஞ்சம் கவனமாகத்தான் வாசிக்கணும்.

மங்கோலியருக்கும் இதே சிக்கலா?

ஆமாம், அளவுதான் வேறு. 1259-இல் மோங்கே கான் வாரிசை அறிவிக்காமல் இறந்தார். அடுத்த வருஷமே தம்பிகள் குப்லாயும் அரிக் போகேவும் தனித்தனியாகச் சபை கூட்டி, "நான்தான் பேரரசன்" என்று அறிவித்துக்கொண்டார்கள். 1264-இல் அரிக் போகே சரணடைந்தார். ஆனால் அதற்குள் பேரரசு நான்கு திசையில் இழுபடத் தொடங்கிவிட்டது. அங்கேயும் தகுதி, ஆதரவு, தாய் வழி எல்லாம் பேசின; எது முதலில் என்று மட்டும் முடிவாகவில்லை.

துன் முதாஹிர் கொலை

மலாக்காவுக்குத் திரும்புவோம். துன் அலியின் மகன் துன் முதாஹிர் 1500-இல் பெண்டஹாரா ஆனார். சுல்தான் மஹ்மூதுக்கு அவர் தாய்மாமன் முறை. செல்வமும் செல்வாக்கும் சேர்ந்தால் சந்தேகமும் கூட வருமே!

1510-இல் நைனா சுர தேவனா என்ற வணிகருக்கும் ராஜா முதலியாருக்கும் தகராறு. வழக்கு பெண்டஹாராவிடம் வந்தது. எதிராளி அவருக்குத் தங்கம் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்ட முதலியார், லக்சமானா கோஜா ஹசானைச் சரிக்கட்டினார். "பெண்டஹாரா அரியணைக்கு ஆசைப்படுகிறார்" என்ற பேச்சு சுல்தானின் காதுக்குப் போனது. துன் முதாஹிரும் குடும்பத்து ஆண்களும் கொல்லப்பட்டார்கள். அவர் மகள் துன் ஃபாத்திமாவைச் சுல்தான் மணந்தார்.

அப்புறம்தான் குற்றச்சாட்டு பொய் என்று தெரிந்ததாம். சுல்தான் மனம் உடைந்து மகன் அஹ்மதிடம் ஆட்சியைக் கொடுத்தார். போர்த்துகீசியக் கப்பல்கள் வந்தபோது, அனுபவம் உள்ள பெண்டஹாரா இல்லை, அரசவையில் ஒற்றுமையும் இல்லை. நகரம் போன பிறகு, அஹ்மதைக் கொல்ல உத்தரவிட்டதும் அதே அப்பாதான்.

1528-இல் மஹ்மூத் இறந்ததும் மறுபடியும் அதே கேள்வி. மூத்த மகன் முசாபர் வெளியேற்றப்பட்டார். துன் ஃபாத்திமாவின் மகன் அலாவுதீன் சுல்தான் ஆனார். முசாபர் பேராக்கின் முதல் சுல்தானாகவும், அலாவுதீன் ஜொகூரின் முதல் சுல்தானாகவும் ஆனார்கள். ஒரே அப்பாவின் பிள்ளைகள், இரண்டு அரசு. கொல்லப்பட்ட முதாஹிரின் பேரன்தான் ஜொகூரின் முதல் சுல்தான் என்பதையும் பாருங்க.

1699-இல் கோத்தா திங்கியில் சுல்தான் மஹ்மூத் வாரிசு இல்லாமல் கொல்லப்பட, பழைய மலாக்கா வம்சம் அறுந்தது. பெண்டஹாரா அரியணை ஏறினார். "நான் மஹ்மூதின் மகன்" என்று 1718-இல் படையோடு வந்த ராஜா கெச்சில் கடைசியில் சியாக்கைத் தனி அரசாக்கினார். அவரை எதிர்க்க உதவிய பூகிஸ் வீரர்கள், 1722 முதல் சுல்தானுக்கு அடுத்த பதவியைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள்.

ஒரு கல்யாணம், இரண்டு சுல்தான்

1812-இல் சுல்தான் மஹ்மூத் ஷா இறந்தபோது மூத்த மகன் ஹுசைன் பகாங்கில், தன் கல்யாணத்துக்காகப் போயிருந்தார். முந்தைய அரசரை அடக்கம் செய்யும் முன் புதியவர் பட்டம் ஏற்க வேண்டும் என்பது வழக்கம். பூகிஸ் தரப்பு தம்பி அப்துல் ரஹ்மானை அமர்த்தியது. ஆனால் அரச சின்னங்கள் இறந்த சுல்தானின் மனைவி எங்கு புத்ரி ஹமீதாவிடம் இருந்தன. அவர் தர மறுத்தார். 1822-இல் டச்சுக்காரர்கள் அவற்றைப் பலவந்தமாக எடுத்துக்கொண்டார்கள்.

இந்த விரிசலில்தான் ராஃபிள்ஸ் காலை வைத்தார். 1819 பிப்ரவரி 6-இல் ஹுசைனைச் சுல்தான் என்று அங்கீகரித்து, வருஷத்துக்கு 5,000 ஸ்பானிய டாலர் தருவதாக ஒப்பந்தம் போட்டார். 1824-இல் லண்டனில் பிரிட்டனும் டச்சும் கையெழுத்திட்டன. சிங்கப்பூரும் தீபகற்பமும் பிரிட்டனின் பக்கம், ரியாவும் லிங்காவும் டச்சுக்காரர்களின் பக்கம். டச்சு வசம் இருந்த மலாக்காவும் அப்போதுதான் பிரிட்டனுக்குக் கைமாறியது. தலைநகரம் ஒரு பக்கம், நிலம் இன்னொரு பக்கம்! இன்றைய மலேசியா - இந்தோனேசியா கடல் எல்லையின் வேர் இங்கே இருக்கிறது.

ஹுசைனுக்கு மிஞ்சியது பட்டமும் பென்ஷனும். கடைசிக் காலத்தில் மலாக்காவுக்கு வந்தார், இங்கேயே தங்கிவிட்டார். அவர் மகன் அலி 1855-இல் சுல்தான் என்ற அங்கீகாரம் பெற்றார். பதிலுக்கு, கெசாங் பகுதி தவிர ஜொகூர் முழுவதையும் தெமெங்கோங் டாயெங் இப்ராஹிமிடம் விட்டுக்கொடுத்தார்.

1877-இல் இறந்த அலியின் அடக்கத்தலமும் மலாக்காவில்தான் இருக்கிறது. டவுனைத் தாண்டி இந்தப் பக்கம், நாம் எல்லாரும் இக்கான் பாக்கார் சாப்பிடப் போகிறோமே, அந்த உம்பாயில்.