ஷேவ் பண்ணினாலே எரிச்சல், கொப்புளமா? சென்சிட்டிவ் சருமம் உள்ள ஆண்களுக்கு முடி நீக்க எந்த முறை பாதுகாப்பு?

ஷேவ் செய்த ஒரு மணி நேரத்தில் கழுத்து சிவக்கிறது. அடுத்த நாள் தாடைக்குக் கீழே சின்னச் சின்னக் கொப்புளங்கள். மூன்றாவது நாள் அதன் மேலேயே மறுபடியும் ரேசர். ஆண்கள் பலருக்கு இது வாராவாரம் நடக்கும் கதை. "நம்ம ஸ்கின்னே அப்படித்தான்" என்று விட்டுவிடுபவர்கள் ஒரு பக்கம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஏதோ ஒரு க்ரீமை வாங்கிப் பூசுபவர்கள் இன்னொரு பக்கம். இரண்டுமே கருமையிலோ தழும்பிலோ போய் முடியலாம்.

ட்ரிம்மர், ரேசர், க்ரீம், வேக்ஸிங், லேசர் என்று இன்று வழிகள் நிறைய. இதில் சென்சிட்டிவ் சருமத்துக்கு எது ஒத்துவரும், எது ஆகாது? எந்தப் பகுதிக்கு எதைப் பயன்படுத்தலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், வருவது எந்த வகைப் பிரச்சினை?

'ஷேவிங் அலர்ஜி' என்று பொதுவாகச் சொன்னாலும், அதற்குள் நான்கு வேறு வேறு பிரச்சினைகள் இருக்கின்றன.

ரேசர் எரிச்சல்: பிளேடு முடியோடு சேர்த்துச் சருமத்தின் மேல் அடுக்கையும் சுரண்டிவிடுவதால் வருவது. ஷேவ் செய்த சில நிமிடங்களில் சிவந்து எரியும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாக அடங்கிவிடும்.

ரேசர் பம்ப்ஸ்: சுருள் முடி உள்ளவர்களுக்கு அதிகம். ஒட்ட வெட்டப்பட்ட முடியின் கூர்மையான முனை, வளரும்போது வளைந்து மறுபடியும் சருமத்துக்குள் குத்தி நுழைந்துவிடும். உடல் அதை முள் குத்தியதுபோல எதிர்த்துப் போராடுவதால் கட்டி கட்டியாகப் புடைக்கும். மருத்துவத்தில் இதன் பெயர் சூடோஃபாலிகுலைடிஸ் பார்பே. தாடைக்குக் கீழும் கழுத்திலும்தான் அதிகம் வரும்.

ஒவ்வாமை: ஷேவிங் க்ரீம், ஆஃப்டர் ஷேவ் போன்றவற்றில் உள்ள வாசனைப் பொருட்களும் பதப்படுத்தும் ரசாயனங்களும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பிளேடு படாத, நுரை மட்டும் பட்ட இடத்திலும் அரிப்பு இருந்தால் சந்தேகத்தை இந்தப் பக்கம் திருப்பலாம்.

கிருமித் தொற்று: மயிர்க்கால்களில் சீழ் கோத்த கொப்புளங்கள், வலி, சூடு இருந்தால் பாக்டீரியா அல்லது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம்.

இந்த வித்தியாசம் தெரிவது முக்கியம். ஒவ்வாமை உள்ளவர் ரேசரை எத்தனை முறை மாற்றினாலும் அரிப்பு நிற்காது. ரேசர் பம்ப்ஸ் உள்ளவர் எத்தனை விலை உயர்ந்த க்ரீம் வாங்கினாலும், ஒட்ட ஷேவ் செய்யும் வரை கொப்புளம் வந்துகொண்டேதான் இருக்கும்.

ரேசர் பம்ப்ஸுக்குத் தோல் மருத்துவர்கள் முதலில் சொல்வது, சில வாரங்களுக்கு ஷேவிங்கை அடியோடு நிறுத்துவது. முதல் சில நாட்கள் அரிப்பு கூடினாலும், முடி ஓரளவு நீண்டதும் உள்ளே குத்திய முனைகள் தானாக வெளியே வந்துவிடும். மாலை போட்டு ஒரு மண்டலம் தாடி வளர்ப்பவர்கள், அந்த 41 நாளில் கழுத்துக் கொப்புளங்கள் அடங்கிப்போவதையும், விரதம் முடிந்து ஷேவ் செய்ததும் மறுபடி தலைகாட்டுவதையும் பார்க்க முடிவதற்குக் காரணம் இதுதான்.

ட்ரிம்மர்: முதல் சாய்ஸ் ஏன் இதுதான்?

சென்சிட்டிவ் சருமத்தைப் பொறுத்தவரை, கையில் இருப்பது எந்தக் கருவி என்பதைவிட, அது சருமத்துக்கு எவ்வளவு ஒட்ட முடியை வெட்டுகிறது என்பதே பெரிய விஷயம். ட்ரிம்மர் முடியை அரை முதல் ஒரு மில்லிமீட்டர் வரை விட்டு வெட்டும். முனை சருமத்துக்கு வெளியிலேயே நிற்பதால் உள்ளே திரும்பிக் குத்தும் வாய்ப்பு குறைவு. சுரண்டலும் குறைவு.

அறுவை சிகிச்சை அரங்கில்கூட இதே கணக்குதான். ஆபரேஷனுக்கு முன் நோயாளியின் முடியை ரேசரால் மழிக்க வேண்டாம், கட்டாயம் எடுத்தாக வேண்டும் என்றால் கிளிப்பரால் கத்தரிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சின்னக் கீறல்கள் வழியாகக் கிருமி உள்ளே போய்விடும் என்பதுதான் காரணம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. கார்டைக் கழற்றிவிட்டு, 'ஜீரோ'வில் வைத்து அழுத்தி இழுத்தால் ட்ரிம்மரும் எரிச்சல் தரும். பிளேடை அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும். முகத்துக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

ரேசர்தான் வேண்டும் என்றால்?

வேலை காரணமாகத் தினமும் க்ளீன் ஷேவ் அவசியப்படுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்ய வேண்டியவை:

- குளித்து முடித்ததும் ஷேவ் செய்யலாம். இல்லையென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் 2, 3 நிமிடம் முடியை ஊற வைக்க வேண்டும். ஊறிய முடியை வெட்ட அழுத்தம் குறைவாகப் போதும்.
- வாசனை சேர்க்காத ஷேவிங் ஜெல் அல்லது க்ரீம் நல்லது. குளியல் சோப்பு நுரை சருமத்தை வறள வைக்கும்.
- முடி வளரும் திசையிலேயே இழுக்க வேண்டும். கழுத்தில் முடி பல திசைகளில் வளரும். இரண்டு நாள் வளர்ந்த பிறகு விரலால் தடவிப் பார்த்தால் திசை தெரிந்துவிடும்.
- சருமத்தை இழுத்துப் பிடிக்கக் கூடாது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டக் கூடாது. 'எதிர் ஷேவ்' வேண்டவே வேண்டாம்.
- கொப்புளம் வருபவர்கள் ஒற்றை அல்லது இரட்டை பிளேடு ரேசருக்கு மாறிப் பார்க்கலாம். பல அடுக்கு பிளேடுகளில் முதல் பிளேடு முடியைத் தூக்க, அடுத்தது சருமத்துக்குக் கீழே வரை வெட்டிவிடலாம்.
- 5 முதல் 7 ஷேவுக்குப் பிறகு பிளேடை மாற்றிவிட வேண்டும். ஈரமான பாத்ரூமிலேயே ரேசரைப் போட்டு வைக்கக் கூடாது.
- முடிந்ததும் குளிர்ந்த நீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் பூசினால் போதும். ஆல்கஹால் கலந்த ஆஃப்டர் ஷேவ், எலுமிச்சைச் சாறு இரண்டும் எரிச்சலைக் கூட்டும்.

படிகாரக் கல்? சின்னக் கீறலில் ரத்தத்தை நிறுத்த உதவும். ஆனால் சருமத்தை வறள வைக்கும் என்பதால், சென்சிட்டிவ் சருமத்தில் முகம் முழுக்கத் தேய்க்கத் தேவையில்லை.

ஷேவ் செய்ததும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வெயிலில் வண்டி ஓட்டுவதும் ஒரு காரணம். தாடைப் பட்டை உரச, வியர்வை சேர, எரிச்சல் இரட்டிப்பாகும். பைக்கில் வேலைக்குப் போகிறவர்கள் முந்தைய இரவே ஷேவ் செய்துகொள்ளலாம்.

சலூனுக்குப் போகும்போது

ஹெபடைடிஸ் பி, சி போன்ற ரத்தத்தின் வழியாகப் பரவும் கிருமிகளும், மருக்களும் பிறர் பயன்படுத்திய பிளேடு மூலம் தொற்றலாம். புது பிளேடைக் கண் முன்னால் பிரித்துப் போடச் சொல்வதில் கூச்சமே வேண்டாம். பலருக்கும் தேய்த்த படிகாரக் கல்லையும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

பின்கழுத்தில் 'லைன்' போடும்போது ரேசருக்குப் பதில் ட்ரிம்மர் கேட்பது நல்லது. அந்த இடத்தில் ஒட்ட மழிப்பதும் உரசலும் சிலருக்குக் கெட்டியான, தழும்பாக மாறும் கட்டிகளைக் கொண்டுவரும்.

ஹேர் ரிமூவல் க்ரீம் பாதுகாப்பா?

இந்த க்ரீம்களில் பெரும்பாலும் இருப்பது தயோகிளைகோலேட் வகை ரசாயனம். முடியில் உள்ள கெரட்டின் புரதத்தின் பிணைப்புகளை அறுத்து, முடியைக் கூழாக்கிவிடும். சிக்கல் என்னவென்றால், சருமத்தின் மேல் அடுக்கிலும் இருப்பது அதே கெரட்டின்தான். அதோடு, நம் சருமம் லேசான அமிலத்தன்மை கொண்டது. இந்த க்ரீம்களோ கடும் காரத்தன்மை கொண்டவை. நேரம் கொஞ்சம் கூடினாலும் தோல் வெந்துவிடும்.

முதுகு, மார்பு, கால் பகுதிகளுக்கு இதைப் பயன்படுத்தலாம். அதற்கு முன் கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவி, பாக்கெட்டில் சொன்ன நேரத்தில் கழுவிவிட்டு, 24 மணி நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். உடலுக்கான க்ரீமை முகத்தில் தடவக் கூடாது. பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதி, புண் உள்ள இடம் ஆகியவற்றில் தொடவே கூடாது. ஷேவ் செய்த அன்றே க்ரீம் போடுவதும் தவறு.

வேக்ஸிங், த்ரெட்டிங், பிடுங்குவது

இவை முடியை வேரோடு இழுப்பதால் சில வாரங்களுக்குத் தொல்லை இல்லை. ஆனால் மெல்லிய புது முடி மேலே வரும்போது உள்ளேயே மாட்டிக்கொண்டு கொப்புளமாகும் வாய்ப்பு உண்டு. ரேசர் பம்ப்ஸ் ஏற்கெனவே இருப்பவர்கள் முகத்துக்கு இதைத் தவிர்ப்பது நல்லது. மார்பு, முதுகுக்குச் செய்தால் முடி சுமார் 6 மி.மீ. நீளமாவது இருக்க வேண்டும்.

முக்கிய எச்சரிக்கை: பருவுக்காக ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுப்பவர்களும், அதை நிறுத்தி 6 மாதம் ஆகாதவர்களும் வேக்ஸிங் செய்யவே கூடாது. தோலே உரிந்து வந்துவிடும். ட்ரெட்டினாயின், அடாபலீன் க்ரீம் பூசுபவர்கள் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும். சர்க்கரை நோயாளிகள் மருத்துவரிடம் கேட்காமல் செய்யக் கூடாது.

லேசர்: நம் நிறத்துக்குச் சரியா வருமா?

லேசர் ஒளியை முடியின் கருமைக்குக் காரணமான மெலனின் உறிஞ்சிச் சூடாகி, மயிர்க்காலைச் சேதப்படுத்துகிறது. மாநிறம், கறுப்பு நிறச் சருமத்திலும் மெலனின் அதிகம் என்பதால், தவறான கருவியோ தவறான அளவோ பயன்படுத்தினால் சருமமே சுட்டுவிடும்.

இந்தச் சருமத்துக்குப் பாதுகாப்பானதாகக் கருதப்படுவது 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட என்டி-யாக் லேசர். இதன் ஒளி மேல்தோல் மெலனினில் அதிகம் சிக்காமல் ஆழமாகப் போகும். சரியான அமைப்புகளோடு டயோட் லேசரும் பயன்படுத்தப்படுகிறது. எந்த லேசர், எத்தனை அனுபவம் என்று கேட்டுவிட்டே பணம் கட்ட வேண்டும். தீராத ரேசர் பம்ப்ஸுக்கு நல்ல பலன் தரும் சிகிச்சைகளில் இதுவும் ஒன்று.

- பொதுவாக 6 முதல் 8 அமர்வுகள், 4 முதல் 6 வார இடைவெளியில் தேவைப்படும்.
- முடி வெகுவாகக் குறையும். ஒன்றுகூட வராது என்ற உத்தரவாதத்தை நம்ப வேண்டாம்.
- நரைத்த முடியில் வேலை செய்யாது.
- சிலருக்கு, குறிப்பாகத் தெற்காசியர்களுக்கு, முகத்திலும் கழுத்திலும் சிகிச்சை செய்த இடத்தைச் சுற்றி முடி அதிகமாக வளர்வதும் உண்டு.
- சிகிச்சைக் காலத்தில் முடியைப் பிடுங்கக் கூடாது. வெயிலைத் தவிர்க்க வேண்டும்.

வீட்டிலேயே பயன்படுத்தும் ஐபிஎல் கருவிகளை ஆர்டர் செய்யும் முன், பெட்டியில் உள்ள நிற அட்டவணையைப் பார்ப்பது கட்டாயம். மிக அடர்ந்த நிறத்துக்கு வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே குறிப்பிடுகிறார்கள்.

நரைமுடிக்கும் வேலை செய்யும் முறை எலக்ட்ராலிசிஸ். ஒவ்வொரு மயிர்க்காலிலும் மெல்லிய ஊசியை நுழைத்து மின்சாரத்தால் அழிப்பது. 1875-ல் அமெரிக்கக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷேல், கண்ணைக் குத்தும் இமை முடிகளை நீக்க இதைக் கையாண்டார். பலன் நிரந்தரம்தான். ஆனால் ஒவ்வொரு முடியாகச் செய்வதால், சின்னப் பகுதிக்கு மட்டுமே கட்டுப்படியாகும்.

எந்தப் பகுதிக்கு எது?

- கன்னம், தாடை: ட்ரிம்மர் அல்லது எலக்ட்ரிக் ஷேவர்
- கழுத்து: ட்ரிம்மர், கொப்புளம் தீராவிட்டால் மருத்துவர் மூலம் லேசர்
- மார்பு, முதுகு: ட்ரிம்மர், பரிசோதித்த பிறகு க்ரீம், வேக்ஸிங்
- அக்குள்: ட்ரிம்மர், உடனே டியோடரண்ட் அடிக்கக் கூடாது
- அந்தரங்கப் பகுதி: கார்டு மாட்டிய ட்ரிம்மர் மட்டும். இங்குள்ள முடியை எடுத்தே ஆக வேண்டும் என்ற மருத்துவக் கட்டாயம் எதுவும் இல்லை

ஷேவ் செய்தால் முடி அடர்த்தியாகுமா?

ஆகாது. 1928-லேயே அமெரிக்க உடற்கூறியலாளர் மில்ட்ரெட் ட்ராட்டர் இதை ஆய்வு செய்து, ஷேவிங்கால் முடியின் நிறமோ தடிமனோ வளரும் வேகமோ மாறவில்லை என்று காட்டினார். வெட்டிய முனை மழுங்கலாக இருப்பதால் சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

மெடிக்கல் ஷாப் க்ரீமில் உள்ள ஆபத்து

கொப்புளத்துக்கும் கருமைக்கும் என்று கடையில் கேட்டு வாங்கும் பல க்ரீம்களில் பீட்டாமெத்தசோன், க்ளோபீட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டுகள் இருக்கின்றன. இரண்டே நாளில் சிவப்பு அடங்குவதால் 'சூப்பரா வேலை செய்யுது' என்று தோன்றும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் வெளியே தெரிய ஆரம்பிக்கும், பரு வெடிக்கும். நிறுத்தினால் முன்பைவிட அதிகமாகச் சிவந்து எரியும். பூஞ்சைத் தொற்றாக இருந்தால் அடையாளமே மாறிப் பரவிவிடும். இந்த வகை க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்க முடியாதபடி மத்திய அரசு 2018-ல் விதியைக் கடுமையாக்கியது இதனால்தான். ட்யூபில் இந்தப் பெயர்களில் ஏதாவது இருந்தால், மருத்துவர் சொல்லாமல் முகத்தில் பூசக் கூடாது.

கொப்புளம் ஆறிய பிறகு இருக்கும் கருமை, நம் போன்ற நிறத்தவர்களுக்கு மாதக்கணக்கில் நீடிக்கலாம். கிள்ளாமல் இருப்பதும் பகலில் சன்ஸ்க்ரீன் போடுவதும்தான் அதற்கு முதல் மருந்து.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு இருந்தால் உடனே பார்க்க வேண்டும். வட்ட வட்டமாக அரிக்கும் தடிப்பு, பெரிதாகிக்கொண்டே போகும் தழும்பு, நான்கு வாரம் ஷேவ் செய்யாமல் இருந்தும் அடங்காத கொப்புளம் ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. போகும்போது, வீட்டில் பூசிய க்ரீம் ட்யூபையும் மறக்காமல் எடுத்துச் செல்வது மருத்துவருக்குப் பெரிய உதவியாக இருக்கும்.