நீக்ரோ லீக் பேஸ்பால்: ஏட்டில் ஏறாத ஆட்டங்கள்

கறுப்பினத்தவர் ஆடக் கூடாது என்று அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் லீக்குகள் எந்த விதியையும் எழுதி வைக்கவில்லை. 1884இல் டொலிடோ அணியில் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பினத்தவர் கேட்சராக ஆடியிருக்கிறார். அதன்பின் அணி முதலாளிகள் வாய்மொழியாகப் பேசிவைத்துக்கொண்டு அடைத்த கதவு 1947 வரை திறக்கவில்லை.

ஒதுக்கப்பட்டவர்கள் ஆட்டத்தை விட்டுவிடவில்லை. சிறந்த பந்து வீச்சாளராக இருந்து பிறகு சிகாகோ அமெரிக்கன் ஜயண்ட்ஸ் அணியின் உரிமையாளரான ரூப் ஃபாஸ்டர், 1920 பிப்ரவரியில் மற்ற அணி உரிமையாளர்களை கான்சஸ் சிட்டி ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் கூட்டி நீக்ரோ நேஷனல் லீக்கைத் தொடங்கினார். ஃபாஸ்டர் 1930இல் இறந்தார். பொருளாதாரப் பெருமந்தமும் சேர்ந்துகொள்ள, 1931உடன் அந்த லீக் கலைந்தது. 1933இல் பிட்ஸ்பர்க்கின் கஸ் கிரீன்லீ அதே பெயரில் இன்னொன்றை நிறுவினார். சிகாகோவின் காமிஸ்கி பார்க்கில் ஆண்டுதோறும் நடந்த, நட்சத்திர வீரர்களின் கிழக்கு–மேற்கு ஆட்டத்துக்குச் சில ஆண்டுகளில் 40,000 பேருக்கு மேல் திரண்டார்கள்.

லீக் ஆட்டங்களின் வரும்படி மட்டும் அணிகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஊர் ஊராகப் பேருந்தில் போய், உள்ளூர் அணிகளோடு ஒரே நாளில் இரண்டு, மூன்று ஆட்டங்கள் ஆடினார்கள். பல ஊர்களில் விடுதியில் அறை கிடைக்காது, பேருந்திலேயே தூக்கம். கான்சஸ் சிட்டி மோனார்க்ஸ் அணி 1930இல் விளக்குகளையும் கூடவே கொண்டுபோனது. லாரிகள் மேல் நீட்டி மடக்கும் கம்பங்கள், அவற்றின் உச்சியில் விளக்குகள், மின்சாரத்துக்கு இரைச்சலோடு ஓடும் ஜெனரேட்டர். பெரிய லீக்குகளில் முதல் இரவு ஆட்டம் 1935இல்தான் சின்சினாட்டியில் நடந்தது.

இந்த அணிகளிலிருந்து எழுந்த பெயர்களில் சாட்செல் பெய்ஜ் எல்லோருக்கும் தெரிந்தது. வீச்சின் உச்சத்தில் இருந்த ஆண்டுகள் முழுவதும் அவருக்குப் பெரிய லீக்கின் கதவு மூடியே கிடந்தது. கிளீவ்லாந்து அணி 1948இல் அவரை எடுத்தபோது வயது 42. அந்தப் பருவத்தில் 6 வெற்றி, 1 தோல்வி. 1965இல், 59 வயதில், கான்சஸ் சிட்டிக்காக மூன்று இன்னிங்ஸ் வீசி ஓட்டம் எதுவும் கொடுக்கவில்லை.

ஜோஷ் கிப்சனுக்கு அந்தத் தாமதமான வாய்ப்பும் வாய்க்கவில்லை. கேட்சராக ஆடிய அவர் அந்த லீக்குகளின் ஆகப் பெரிய அதிரடி ஆட்டக்காரர். 1947 ஜனவரி 20 அன்று, 35 வயதில், பக்கவாதத்தில் இறந்தார். மூன்று மாதத்துக்குள், ஏப்ரல் 15 அன்று, கறுப்பினத்தவரான ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் களமிறங்க, பெரிய லீக்கின் கதவு திறந்தது. ராபின்சன் அந்த ஆண்டின் சிறந்த புதுமுக வீரரானார். 1949இல் நேஷனல் லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருதையும் பெற்றார்.

கதவு திறந்ததும் நீக்ரோ லீக்குகள் தேய்ந்தன. ரசிகர்கள் ராபின்சனைப் பார்க்கப் போனார்கள். மோனார்க்ஸிலிருந்து அவரை எடுத்த புரூக்ளின் அந்த அணிக்கு ஒரு காசும் தரவில்லை. கிரீன்லீ நிறுவிய லீக் 1948உடன் முடிந்தது. வில்லி மேஸ் பர்மிங்காம் பிளாக் பேரன்ஸ் அணியிலிருந்தும், பின்னாளில் 755 ஹோம் ரன் அடித்த ஹாங்க் ஆரன் இண்டியானாபோலிஸ் கிளவுன்ஸ் அணியிலிருந்தும் பெரிய லீக் அமைப்புக்குள் வந்தவர்கள்.

பேஸ்பால் புகழ் மண்டபம் பெய்ஜை 1971இலும் கிப்சனை 1972இலும் ஏற்றுக்கொண்டது. ஆனால் அவர்களுடைய நீக்ரோ லீக் எண்கள் அதிகாரபூர்வ ஏட்டுக்கு வெளியேதான் நின்றன. அந்த ஆட்டங்களின் விவரத்தைச் சிகாகோ டிஃபெண்டர், பிட்ஸ்பர்க் கூரியர் போன்ற கறுப்பினப் பத்திரிகைகளே பெரும்பாலும் அச்சிட்டுவந்தன. ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் அந்தப் பழைய இதழ்களைப் புரட்டி ஆட்டம் ஆட்டமாகக் கணக்கைச் சேர்த்தார்கள். அந்த உழைப்பு இல்லாவிட்டால் பின்னால் வந்த அங்கீகாரத்துக்கு ஆதாரமே இருந்திருக்காது. 2020 டிசம்பரில் மேஜர் லீக் பேஸ்பால் நிர்வாகம், 1920 முதல் 1948 வரை நடந்த ஏழு நீக்ரோ லீக்குகளைப் பெரிய லீக்குகளாக ஏற்றது. 2024 மே மாதம் அவற்றின் எண்கள் ஏட்டில் ஏறின.

அன்று முதலிடங்கள் மாறின. மட்டையாளர் ஒருவர் கணக்கில் வரும் வாய்ப்புகளில் எத்தனை முறை பந்தை அடித்துத் தளம் சேர்ந்தார் என்பதே மட்டையடி சராசரி. வாழ்நாள் கணக்கில் டை காப் பல பத்தாண்டுகளாக 0.367 என்ற சராசரியோடு முதலிடத்தில் இருந்தார். இப்போது அந்த இடத்தில் 0.372 என்ற எண்ணோடு கிப்சன் இருக்கிறார். 1943இல் அவர் எடுத்த 0.466, ஒரே பருவத்துக்கான உச்சம். நீக்ரோ லீக் பருவங்கள் குறுகியவை என்ற ஆட்சேபம் எழுந்தது. பருவம் குறுகியது ஆட்டக்காரர்களின் விருப்பத்தால் அல்ல என்பதையும் சேர்த்துத்தான் அதை எடைபோட வேண்டும்.

ஊர் சுற்றி ஆடிய ஆட்டங்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை. புகழ் மண்டபப் பலகை கிப்சனுக்கு ஏறக்குறைய 800 ஹோம் ரன் என்கிறது. அதிகாரபூர்வ ஏட்டில் அவர் பெயரில் இருப்பது 200-க்கும் குறைவு. காணாமல்போன ஆட்ட விவரங்களை ஆய்வாளர்கள் தொடர்ந்து தேடிவருகிறார்கள். லீக் ஆட்டங்களின் தாள்கள் கிடைக்கக் கிடைக்க எண்கள் திருத்தப்படும்.