பிந்தி வந்தோர்க்குத் திறந்த வாயில்

கல்விக்கு உரிய பருவம் இளமையே என்பது நம் மரபில் ஊறிப்போன எண்ணம். ஔவையின் ஆத்திசூடி முதல் வீட்டுப் பெரியோரின் அறிவுரை வரை அதனையே வலியுறுத்துகின்றன. இளமையில் கற்க இயலாமற் போனவர் என் செய்வது? இவ்வினாவுக்கு ஒரு நாடு விடை காண முயன்ற வரலாற்றை இங்குக் காண்போம். அந்நாடு பிரிட்டன்.

1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திற்குப் பின், பதினோராம் வயதில் எழுதும் ஒரு தேர்வே இங்கிலாந்துக் குழந்தைகள் பலரின் வாழ்வைத் தீர்மானித்தது. தேறியவர் கிராமர் பள்ளிக்குச் சென்றனர். தேறாதவரில் பெரும்பாலோர் பதினைந்து வயதில் படிப்பை விட்டு வேலைக்குப் போயினர். 1962இல் பல்கலைக்கழகம் புகுந்த இளைஞர் நூற்றுக்கு நால்வரே. பதினொரு வயதில் எழுதப்பட்ட தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை.

1963 செப்டம்பரில் தொழிற்கட்சித் தலைவர் ஹரால்டு வில்சன், கிளாஸ்கோ நகரில் ஆற்றிய உரையில் 'வானலைப் பல்கலைக்கழகம்' என்னும் திட்டத்தை முன்வைத்தார். அடுத்த ஆண்டு அவர் பிரதமரானார். திட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பு ஜென்னி லீ அம்மையாரிடம் வந்தது. ஸ்காட்லாந்துச் சுரங்கத் தொழிலாளியின் மகளான அவர், முதியோர்க்கான எளிய பயிற்சி வகுப்பு என்ற அளவில் இது சுருங்குவதை ஏற்கவில்லை. மற்றப் பல்கலைக்கழகங்களுக்கு நிகரான பட்டமே வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். கன்சர்வேட்டிவ் கட்சியின் இயான் மக்லியோடு இதனை வெறும் பிதற்றல் என்று இகழ்ந்தார். எனினும் 1969இல் அரச சாசனம் கிடைத்தது. திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. 1970இல் ஆட்சி மாறியபோதும், கல்வி அமைச்சரான மார்கரெட் தாட்சர் அதனை மூடிவிடவில்லை.

சேர்வதற்கு முன்தகுதி எதுவும் கேட்கப்படவில்லை. தொடக்கத்தில் 21 வயது நிரம்பியிருந்தாற் போதும். ஆனால் வாயிலைத் திறந்ததைக் காட்டிலும் கடிகாரத்தை மாற்றியதே இதன் அருஞ்செயல் என்று நாம் கருதுகிறோம். நடுவயதினர்க்கு அறிவு குறைவதில்லை, நேரமே குறைகிறது. ஆகவே பாடம் அஞ்சலில் வந்தது. வேலைக்குப் போகுமுன் அதிகாலையிலும், வேலை முடிந்த பின்னரும் பிபிசி பாடங்களை ஒளிபரப்பியது. அறிவியல் மாணவர்க்கு நுண்ணோக்கி உட்பட ஆய்வுக் கருவிகள் வீட்டுக்கே வந்தன. ஆண்டுக்கு ஒரு பாடத்தில் தேறினாலும் அத்தேர்ச்சி கணக்கில் நிற்கும். ஆறு சேர்ந்தால் பட்டம், எட்டுச் சேர்ந்தால் சிறப்புப் பட்டம். வாயில் எளிது, தேர்வு எளிதன்று.

1971 ஜனவரியில் ஏறத்தாழ 24,000 மாணவர் படிக்கத் தொடங்கினர். அதே மாதம் நாடு தழுவிய அஞ்சல் வேலைநிறுத்தம் மூண்டு, ஏழு வாரம் நீடித்தது! அஞ்சலையே நம்பிப் பிறந்த பல்கலைக்கழகம், மாற்று வழிகளில் பாடங்களைக் கொண்டு சேர்த்து உயிர் தப்பியது. 1973இல் இலண்டன் அலெக்சாண்டிரா அரண்மனையில் முதல் பட்டமளிப்பு விழா நடந்தது. பட்டம் இல்லாத பள்ளி ஆசிரியர்களே தொடக்கத்தில் திரளாக வந்தனர். உடலுழைப்பாளர் எதிர்பார்த்த அளவு வரவில்லை என்ற குறையும் உண்டு. இப்பல்கலைக்கழகத்தில் இலக்கியம் பயிலும் சிகையலங்காரப் பெண் ஒருத்தியின் கதையை 1980இல் வில்லி ரஸ்ஸல் நாடகமாக்கினார். 'எஜுகேட்டிங் ரீட்டா' என்னும் அந்நாடகம் 1983இல் திரைப்படமும் ஆயிற்று.

பிரிட்டன் காட்டிய வழி இந்தியாவுக்கும் வந்தது. 1982இல் ஐதராபாத்திலும், 1985இல் தில்லியில் இந்திரா காந்தியின் பெயராலும், 2002இல் தமிழ்நாட்டிலும் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. பள்ளிச் சான்று இல்லாதவரும் 21 வயது நிரம்பி நுழைவுத் தேர்வில் தேறினால் இளநிலைப் பட்டப்படிப்பில் சேரலாம் என்று 1985ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் இடமளித்தன. இளநிலையும் இன்றி நேரே முதுநிலைப் பட்டம் பெறுவது அவ்விதிகளின்படி செல்லாது என 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதில் நியாயம் உண்டு. ஆனால் தமிழக அரசுப் பணிக்குப் பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையே வேண்டும் என்றானபோது, முறைப்படி நுழைவுத் தேர்வெழுதி இளநிலை முடித்தவரின் பட்டமும் அங்கே மதிப்பிழந்தது.

பட்டம் பெற்றவரிடம் 'என்ன கற்றாய்' என்று கேட்பது முறை. 'எந்த வயதில், எந்த வாயில் வழியே வந்தாய்' என்று கேட்பது முறையாகுமா? ஜென்னி லீ போராடியது இந்த இரண்டாம் கேள்வியை ஒழிக்கவே. வாயிலைத் திறந்துவைத்துவிட்டு, அவ்வழியே வந்தவரை வெளியில் நிறுத்தும் சமூகம், உண்மையில் வாயிலைத் திறக்கவே இல்லை என்பதே நம் துணிபு.