தென்முனைக் கடல் மீன்வள அளவாய்வு

அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த குளிர்கடலில் மீன், கிரில் (இறால் போன்ற சிற்றுயிர்) முதலியவற்றின் இருப்பைக் கப்பலிலிருந்து மதிப்பிடும் ஆய்வு. இந்திய முயற்சிகளில் தலையாயது 1995-96இல் 'சாகர் சம்பதா' என்னும் கப்பல் மேற்கொண்ட முதலாவது அண்டார்க்டிகக் கிரில் பயணம்.

முன்வரலாறு: இந்தியாவில் கடல் மீன்வள அளவாய்வின் முன்னோடிகளுள் ஒன்று சென்னை. சென்னை மாகாண மீன்வள விசாரணைகளைச் சர் ஃபிரெடரிக் நிக்கல்சன் 1905இல் ஏற்றார். 1907இல் மீன்துறை உருவாயிற்று. 1920களின் இறுதியில், ஆளுநரின் துணைவியார் பெயரைத் தாங்கிய 'லேடி கோஷன்' என்னும் இழுவைக் கப்பல், கட்டுமரங்கள் தொழில் செய்யாத கடலடியில் மடிவலை இழுத்துச் சோதித்தது. வங்காள அரசு 1908இலேயே 'கோல்டன் கிரவுன்' கப்பலை ஏவியிருந்தது. 1946இல் பம்பாயில் தொடங்கிய ஆழ்கடல் மீன்பிடி நிலையம் 1983இல் இந்திய மீன்வள அளவாய்வு நிறுவனம் ஆயிற்று. அதன் சென்னைத் தளம் இராயபுரம் மீன்பிடித் துறைமுக வளாகத்தில், காசிமேட்டு விசைப்படகுகளின் அண்டையில் இயங்குகிறது. கடலை அட்சரேகை, தீர்க்கரேகைக் கட்டங்களாகப் பிரித்து, இழுவை மடியும் ஆயிரங்கால் தூண்டிலும் போட்டுப் பார்ப்பது அதன் முறை. தென்முனையிலும் அடிப்படை இதுவே.

தேவை: தெற்கு ஜார்ஜியா தீவருகே 1969-70இல் சோவியத் கப்பல்கள் ஒரே பருவத்தில் சுமார் 4 லட்சம் டன் நோட்டோதீனியா மீனை அள்ளின. அடுத்த சில ஆண்டுகளில் அம்மீன்வளம் சரிந்தது. இருப்பை அறியாமல் வலை போட்டதன் விளைவு அது. 1982இல் நடைமுறைக்கு வந்த அண்டார்க்டிகக் கடல்வாழ் உயிரினப் பாதுகாப்பு உடன்படிக்கையின் பின்னணியில் இவ்வனுபவமும் உண்டு. உடன்படிக்கை ஆணையத்தின் தலைமையகம் ஹோபார்ட்டில் உள்ளது. இந்தியா 1986 முதல் உறுப்பினர்.

திட்டமிடல்: முதலில் கடலடி ஆழவாரியாக அடுக்குகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வோர் அடுக்கிலும் மடியிழுக்கும் இடங்கள் குலுக்கல் முறையில் தேர்வாகும். மீன் கிடைக்கும் என்று மாலுமி நம்பும் இடத்தில் மட்டும் இழுத்தால் இருப்பு மிகையாகத் தெரியும். மடி வாயின் அகலத்தை இழுத்த தூரத்தால் பெருக்கினால் அது வாரிய பரப்பு வரும். அப்பரப்பில் கிடைத்த எடையிலிருந்து அடுக்கு முழுவதன் இருப்பைக் கணிக்கலாம். மடியில் சிக்காமல் தப்பும் மீனுக்கும் ஓர் ஈடு சேர்க்க வேண்டும். சர்ச்சையெல்லாம் அந்த ஈட்டைப் பற்றியதே. கூட்டமாக மிதக்கும் கிரிலுக்கு எதிரொலிக் கருவி பொருந்தும். எதிரொலி கிரிலுடையதுதானா என்று அறிய நடுநீர் மடியும் வேண்டும்.

டூத்ஃபிஷ் எனப்படும் பெருமீனின் குஞ்சுகள் மடியில் அகப்படும். முதிர்ந்தவை ஆயிரம் மீட்டருக்கும் கீழே செல்வதால் அவற்றைத் தூண்டிலில் பிடித்துக் குறியிட்டு விடுகிறார்கள். 1,000 மீனுக்குக் குறியிட்டு, பின்னர் பிடித்த 5,000 மீனில் 5 குறிகள் கண்டால் இருப்பு சுமார் 10 லட்சம் என்று கொள்ளலாம். வயது, காதுக்கல்லின் வளையங்களால் தெரியும்.

பயணத்துக்கு உகந்த காலம் தென்கோளக் கோடை, அதாவது டிசம்பர் முதல் மார்ச் வரை. இந்தியக் கப்பல்களுக்கு மொரீஷியஸின் போர்ட் லூயி வசதியான இடைத்துறைமுகம். ஆய்வு என்ற பெயரில் வணிகப் பிடிப்பு நுழையாதிருக்க விதிகள் உண்டு: எதிர்பார்க்கும் பிடிப்பு 50 டன்னைத் தாண்டினால், ஆய்வு தொடங்க 6 மாதத்துக்கு முன்பே திட்டத்தை ஆணையத்திடம் அளித்து, அதன் அறிவியல் குழுவின் பரிசீலனைக்கு உட்பட வேண்டும்.

முன்சொன்ன கிரில் பயணத்தை மேற்கொண்ட 'சாகர் சம்பதா' 1984இல் டென்மார்க்கில் கட்டப்பட்டது. சுமார் 71 மீட்டர் நீளமுள்ள மீன்வள, கடலியல் ஆய்வுக் கப்பல்.

இன்றைய நிலை: சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் 'சாகர் நிதி' கப்பல் 66° தெற்கு வரை சென்றுள்ளது; ஆனால் அது மீன்பிடிக் கப்பல் அன்று. கிழக்கு அண்டார்க்டிகாவிலும் வெட்டல் கடலிலும் பாதுகாப்புப் பகுதிகள் அமைக்க 2021இல் இந்தியா ஆதரவளித்தது.