ஒட்டும் ரப்பர், இழுக்கும் ரப்பர்

1952-இல் உலக டேபிள் டென்னிஸ் சாம்பியன்ஷிப் முதன்முறையாக ஆசியாவுக்கு, அதுவும் பம்பாய்க்கு வந்தது. அன்றைய முன்னணி ஆட்டக்காரர்களின் மட்டைகளில் பெரும்பாலும் புள்ளிபுள்ளியாகப் புடைத்த பிம்பிள் ரப்பர்தான் இருந்தது. பந்து பட்டால் ‘டக்’கென்று கேட்கும், அந்தச் சத்தத்தை வைத்தே அடியின் வேகத்தைக் கணித்துவிடுவார்கள். ஜப்பானின் ஹிரோஜி சாட்டோவின் மட்டையிலோ தடித்த ஸ்பாஞ்ச். சத்தமே எழவில்லை. எதிராளிகள் திணறினார்கள். இறுதியில் ஹங்கேரியின் கோட்சியானையும் வென்று சாட்டோ உலக சாம்பியன் ஆனார்.

விதிகள் விழித்துக்கொள்ள ஏழு ஆண்டுகள் ஆயின. 1959-இல் வெறும் ஸ்பாஞ்சுக்குத் தடை வந்தது. ரப்பரும் ஸ்பாஞ்சும் சேர்ந்து 4 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றார்கள். அந்த 4 மில்லிமீட்டருக்குள்தான் இரண்டு சம்பிரதாயங்கள் வளர்ந்தன.

சீன ரப்பரின் மேல்தாள் பலாப்பால் பட்டதுபோல் ஒட்டும். புது ‘ஹரிக்கேன் 3’-இல் பந்தை அழுத்தி மட்டையைக் கவிழ்த்தால், பந்து சில நொடி தொங்கி நிற்கும். 2008-இல் ஜப்பானின் பட்டர்ஃபிளை நிறுவனம் கொண்டுவந்த ‘டெனர்ஜி’யில் அதே பந்து உடனே விழுந்துவிடும். பிடிப்பில்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம்: விரலை அழுத்தி இழுத்தால் தாள் விரலோடு சேர்ந்து வரும். பந்து ஸ்பாஞ்சுக்குள் புதைகிறது, மேல்தாள் இழுபட்டு மீள்கிறது, சுழற்சி பிறக்கிறது. மெல்ல உரசிப் போடும் சர்வீஸுக்கு ஒட்டும் ரப்பரே ராஜா. ஆனால் அதன் ஸ்பாஞ்ச் பொதுவாகக் கடினம். முழு வீச்சில் அடிக்காதவருக்குப் பந்து போய்ச் சேராது. வார இறுதியில் மட்டும் ஆடுபவர், சீன வீரர்கள் வைத்திருக்கிறார்களே என்று அதை வாங்குவது வீண் செலவு.

அதே 2008-இல் ஸ்பீடு குளூவும் தடைசெய்யப்பட்டது. ஆட்டத்துக்கு முன் அந்தப் பசையைத் தடவி ஸ்பாஞ்சை உப்பவைத்து வேகம் கூட்டுவது வழக்கமாக இருந்தது. அதன் ஆவி உடம்புக்குக் கேடு. பசை தந்த அந்த இழுவிசையைத் தொழிற்சாலையிலேயே ஏற்றித் தந்ததுதான் டெனர்ஜி வகையின் வெற்றி.

பிடிப்பு குறைவதும் ஓர் ஆயுதமே. 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் மணிகா பத்ரா, பேக்ஹேண்ட் பக்கம் ஒட்டிய, பிடிப்பு குறைந்த லாங் பிம்பிள்ஸ் (நீண்ட புள்ளி) ரப்பரால் சிங்கப்பூர் வீராங்கனைகளைக் குழப்பித் தனிநபர் தங்கம் வென்றார்.

கடலும் முட்டுக்காடு உப்பங்கழியும் தொலைவில் இல்லாத, சென்னையை அடுத்த சிறுசேரியில் ஒட்டும் ரப்பர், இழுக்கும் ரப்பர் இரண்டுக்கும் பொது எதிரி, காற்றிலுள்ள ஈரம். மேல்தாளில் அது படிந்தால் எந்த ரப்பரும் வழுக்கும். அங்குள்ள சிப்காட் வளாகத்தில் வேலை முடிந்து ஆடுபவர்கள் இடையிடையே உலர்ந்த துணியால் ஒற்றிக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்ததும் ஈரப் பஞ்சால் தூசியைத் துடைத்து, காய்ந்த பிறகு பிளாஸ்டிக் தாளை ஒட்டி உறைக்குள் வையுங்கள்.