சுவரில் தொங்கும் சன்னது

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் முடிதிருத்தும் நிலையம் ஒன்றினுள் நுழைகிறவர், கண்ணாடியின் அருகே சட்டமிட்டு மாட்டிய பத்திரங்களைக் காண்பார். அவற்றுள் ஒன்று கத்தி பிடிப்பவர் கற்றுத் தேறியவர் என்பதற்கும், மற்றொன்று அவ்விடம் அத்தொழிலுக்கு ஏற்றது என்பதற்கும் அரசாங்கம் அளித்த அத்தாட்சிகள், அதாவது சன்னதுகள் ஆகும். வாசலில் நாடறிந்த பெயர்ப் பலகை மின்னினாலும், அந்தப் பத்திரங்கள் இல்லாமல் கடை திறக்க இயலாது. பிறருடைய கழுத்தருகே கூரிய கத்தியைக் கொண்டு செல்லும் அதிகாரத்தை ஒருவருக்கு யார், எதன் பொருட்டு அளிப்பது என்ற பழைய கேள்விக்குச் சமூகம் காலந்தோறும் சொல்லிவந்த விடையே அப்பத்திரத்தின் சரித்திரம்.

இங்கிலாந்தில் அவ்விடை நெடுங்காலத்துக்கு முன்னரே உருவாயிற்று. லண்டன் நாவிதரை மேற்பார்வையிட 1308ஆம் ஆண்டிலேயே ஒருவர் நியமனம் பெற்றார்; 1462இல் நான்காம் எட்வர்டு மன்னர் அவர்களுடைய சங்கத்துக்கு அரச சாசனம் வழங்கினார். நம் நாட்டில் நாவிதருக்கு மருத்துவர் என்ற பெயர் வழங்கிவருவது போலவே, அங்கும் சவரமும் ரண சிகிச்சையும் ஒரே கையில் இருந்தமையால், 1540இல் எட்டாம் ஹென்றியின் காலத்தில் நாவிதரையும் ரண வைத்தியரையும் ஒரே சங்கமாக்கிய சட்டம், பல் பிடுங்குவது தவிர வேறு சிகிச்சையில் நாவிதர் இறங்கலாகாதென்றும், ரண வைத்தியர் சவரத் தொழில் செய்யலாகாதென்றும் எல்லை வகுத்தது. 1745இல் இரு திறத்தாரும் பிரிந்தனர். ஆயினும், கத்தியை ஏந்துவோர் கற்றிருக்கவேண்டும் என்னும் கொள்கை நிலைத்துவிட்டது.

அக்கொள்கை அமெரிக்காவில் சட்டமானபோது, அதனோடு மற்றொரு நோக்கமும் கலந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டின் உயர்தர நிலையங்களுள் பலவற்றை நடத்தியவர்கள் கறுப்பின மக்களே. 1858இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த அலான்ஸோ ஹெர்ண்டன், அட்லாண்டா நகரின் பீச்ட்ரீ வீதியில் பளிங்கும் சரவிளக்கும் பொலிந்த நிலையத்தை அமைத்து, வெள்ளையர்க்குச் சவரம் செய்து ஈட்டிய பொருளைக் கொண்டு இன்ஷூரன்ஸ் ஸ்தாபனம் ஒன்றையும் நிறுவினார். அடிமைத்தளையிலிருந்து மீண்ட குடும்பங்களுக்குச் சவரக்கத்தி சுதந்திர வாழ்வின் முதற்படியாயிற்று.

1887இல் பஃபலோ நகரில் கூலி நாவிதரின் சர்வதேசச் சங்கம் தோன்றிற்று. 1893இல் சிக்காகோவில் மோலர் என்பவர் நாவிதப் பள்ளியைத் தொடங்கினார். குடும்பத்திலும் கடையிலும் பழகிக் கற்ற வித்தை பாடமும் பரீக்ஷையுமாக மாறத் தொடங்கிய அக்காலத்தில், அச்சங்கத்தாரின் முயற்சியால் 1897இல் மின்னஸோட்டா மாநிலம் நாவிதர்க்கு லைசென்ஸ் விதிக்கும் சட்டத்தை முதன்முதலாக இயற்ற, ஏனைய மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதனைப் பின்பற்றின. கூறப்பெற்ற காரணம் சுகாதாரம். அது பொய்க்காரணமும் அன்று. ஒருவர் முகத்தைத் துடைத்த துண்டே மற்றவர் முகத்திலும் பட்ட அந்நாளில், நாவிதர் சொறி என்று மக்கள் பெயரிட்டழைத்த சரும நோய் மெய்யாகவே பரவியிருந்தது.

ஆனால், நோயைத் தடுக்க எழுந்த வேலி மனிதரையும் தடுக்கக் கூடியதாயிற்று. கிளீவ்லந்தில் ஹாலண்டன் ஹோட்டல் நிலையத்தைப் பெரும் கீர்த்தியுடன் நடத்திவந்த கறுப்பினத் தலைவர் ஜார்ஜ் மையர்ஸ், பரீக்ஷைச் சபைகள் வெள்ளையர் சங்கத்தின் வசமாகித் தம் இனத்தாரைத் தொழிலினின்றும் அகற்றிவிடும் என்று உணர்ந்து, ஓஹையோ சட்டசபைக்கு வந்த லைசென்ஸ் மசோதாக்களை எதிர்த்துப் போராடினார். அவ்வச்சம் வீணன்று என்பதை அட்லாண்டா காட்டிற்று: ஹெர்ண்டன் உயிரோடிருந்த 1926ஆம் ஆண்டிலேயே, கறுப்பின நாவிதர் வெள்ளைப் பெண்களுக்கும் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் முடிதிருத்தலாகாதென்று அந்நகரசபை விதி செய்தது. அவ்விதி நீதிமன்றத்தில் செல்லாததாயிற்று என்பது ஆறுதலே. எனினும், எந்தக் கைகளின் திறமையால் ஒரு நகரம் அழகு பெற்றதோ, அந்தக் கைகளையே தீண்டத்தகாதனவாக்கச் சட்டத்தைத் துணைக்கழைத்த அநியாயத்தை எண்ணும்போது நெஞ்சு வேதனைப்படுகிறது.

லைசென்ஸ் சட்டங்கள் தோன்றிய காலத்தை ஒட்டியே, ஒரு கடையின் பெயரையும் முறையையும் பிறர்க்கு உரிமையாக்கும் வழக்கமும் கூந்தல் ஒப்பனைத் தொழிலில் முளைவிட்டது. கனடாவில் பிறந்து, பல ஆண்டுகள் வீட்டுப் பணிப்பெண்ணாக உழைத்த மார்த்தா மட்டில்டா ஹார்ப்பர், 1888இல் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் பெண்களுக்கான நிலையத்தைத் திறந்தார். 1891 முதல் தம்மைப்போன்ற உழைக்கும் பெண்களுக்குப் பயிற்சி அளித்து, தம் பெயரில் கடை நடத்தும் உரிமையும் கொடுத்தார். நாளடைவில் அவருடைய பெயர் தாங்கிய நிலையங்கள் சுமார் 500 ஆயின. இன்று பிரான்சைஸ் என்று வழங்கும் முறைக்கு இதனை முன்னோடி எனலாம்.

இரவல் பெயருக்கும் பின்னர்ச் சட்டம் வந்தது. 1979இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க மத்திய வணிக ஆணையத்தின் விதி, பெயரை அளிப்பவர் தம் நிலைமையையும் நிபந்தனைகளையும் முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்கக் கட்டளையிட்டது. இன்றைய விதிப்படி, ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கும் பணம் கைமாறுவதற்கும் குறைந்தது 14 நாள் முன்னதாக அவ்வறிக்கை கடை வைப்பவரிடம் சேரவேண்டும். எனினும் கட்டட அனுமதி, நிலைய லைசென்ஸ், ஊழியர் ஒவ்வொருவரின் தனி லைசென்ஸ், கருவிகளைக் கிருமிநீக்கும் ஏற்பாடு, சோதனைக்கு வரும் அதிகாரிக்குச் சொல்லவேண்டிய பதில் ஆகிய பொறுப்புகள் பெரும்பாலும் அந்த ஊரில் கடை நடத்துகிறவரையே சாரும்.

அலபாமா மாநிலம் 1983இல் நாவிதர் லைசென்ஸைக் கைவிட்டு, 2013இல் மீண்டும் ஏற்றுக்கொண்டது. சன்னது வேண்டுமா வேண்டாமா என்ற வாதம் ஓயாதிருப்பதற்குக் காரணம், அது இருமுகம் கொண்டதாக இருந்துவந்ததே. கற்க விரும்புகிற எவர்க்கும் பரீக்ஷை மண்டபத்தின் கதவு ஒன்றுபோலத் திறந்திருந்து, நாற்காலியில் அமரும் எவர்க்கும் புதிய துண்டே விரிக்கப்படுமாயின், சுவரில் தொங்கும் அந்தக் காகிதம் மெய்யான சன்னதாகும். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும், மையர்ஸின் அச்சத்துக்கு அது சாட்சியாகவே தொங்கும்.