குண்டு பல்பும் 538 டாலரும்

1930-களின் தொடக்கம். அமெரிக்காவைப் பொருளாதாரப் பெருமந்தம் வாட்டிக்கொண்டிருந்தது. பட்டம் வாங்கிய இளைஞனுக்குப் பெரிய கம்பெனியில் ஒரு வேலை கிடைத்தால் போதும், பிறவிப்பயன் அடைந்த மாதிரி. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ரேடியோ பொறியியல் கற்பித்த ஃபிரெடரிக் டெர்மனுக்கு அதுதான் தீராத மனக்குறை. அவர் தேய்த்து மெருகேற்றிய மாணவர்களெல்லாம் வேலைக்காகக் கிழக்குக் கரைக்கு ரயிலேறிக்கொண்டிருந்தார்கள். அதைத் தடுக்கப் பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு வழியைப் பிடித்தார்.

வகுப்பையே கிளப்பிக்கொண்டு சுற்றுவட்டார ரேடியோ பட்டறைகளுக்குப் போனார். சார்லி லிட்டனின் பட்டறை, தொலைக்காட்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த்தின் ஆய்வகம் எனப் பலவற்றைக் காட்டினார். இந்தத் தொழில்களைத் தொடங்கிய பலர் அதிகம் படிக்காதவர்கள். பொறியியல் படித்தவர்கள் இறங்கினால் என்னவெல்லாம் செய்யலாம் என்று கேட்டார். பில், டேவ் என்ற இரு நண்பர்களின் மனதில் அந்தக் கேள்வி ஆணியடித்தது போல் இறங்கியது. ஆனாலும் 1934-இல் பட்டம் பெற்ற டேவ், வேலை வந்ததும் ரயிலேறித்தான் போனார்.

ஜெனரல் எலெக்ட்ரிக்கில் அவருக்குக் கிடைத்த அறிவுரை: இங்கே எலக்ட்ரானிக்ஸுக்கு எதிர்காலம் இல்லை, மோட்டாரையும் ஜெனரேட்டரையும் கவனி. டெர்மன் விடவில்லை. 1938-இல் ஓர் உதவித்தொகைக்கு ஏற்பாடு செய்து டேவைத் திரும்ப வரவழைத்தார். பாலோ ஆல்டோவில், அடிசன் அவென்யூ 367-ஆம் எண் வீட்டில் டேவ் தம்பதி குடியேறினார்கள். பின்னால் இருந்த கொட்டகையில் பில் படுத்துக்கொண்டார். கார் ஷெட் பட்டறையானது. முதலீடு 538 டாலர். எதைச் செய்து விற்பது என்பதுதான் தெரியவில்லை.

வந்த வேலையையெல்லாம் செய்தார்கள். பௌலிங் ஆட்டத்தில் கோட்டைத் தாண்டுபவரைக் காட்டிக்கொடுக்கும் கருவி, தொலைநோக்கியைத் திருப்பும் இயந்திரம், கழிப்பறையில் தானாக நீர் பாய்ச்சும் அமைப்பு. எதுவும் நிலைக்கவில்லை. கடைசியில் விடை பில்லின் முதுகலை ஆய்விலேயே கிடைத்தது.

ஒலிக் கருவிகளைச் சோதிக்க உதவும் ஆடியோ ஆசிலேட்டர் அது. அதன் சமிக்ஞையை ஒரே சீராக வைத்திருப்பது பெரும் தலைவலி. பில் சுற்றுக்குள் ஒரு சின்ன குண்டு பல்பை மாட்டினார். மின்னோட்டம் கூடினால் பல்பின் இழை சூடாகும். சூடானால் மின்தடை ஏறும். சமிக்ஞை தானே அடங்கும். சில காசு பல்பு, வேலையை முடித்துவிட்டது. முதல் தயாரிப்பு என்று தெரியக் கூடாது என்பதற்காக '200ஏ' என்று எண் கொடுத்தார்கள். முன்பலகைக்கு அடித்த பெயின்ட் டேவின் மனைவி லூசிலின் சமையலறை அடுப்பில் காய்ந்தது. விலை 54.40 டாலர். விற்ற பிறகுதான் கணக்குப் பார்த்தார்கள்: அடக்கவிலையே அதைவிட அதிகம்!

அந்த நேரத்தில்தான் வால்ட் டிஸ்னி ஸ்டூடியோவின் ஒலிப் பொறியாளருக்கு அந்தக் கருவி பிடித்துப்போனது. 'ஃபேன்டசியா' படத்துக்காகச் சில மாற்றங்களோடு எட்டுக் கருவிகள், ஒன்று 71.50 டாலர் விலையில் போயின. முதல் ஆண்டு விற்பனை 5,369 டாலர். இதற்கிடையே, 1939 ஜனவரி 1 அன்று கூட்டுத்தொழிலாகப் பதிவானபோது யார் பெயர் முதலில் என்ற கேள்வி எழுந்தது. காசைச் சுண்டினார்கள். பில்லின் பெயர் முதலில் வந்தது.

பில்லின் முழுப்பெயர் வில்லியம் ஹியூலெட். டேவ் என்பது டேவிட் பேக்கர்ட். இன்று ஜெராக்ஸ் கடைப் பிரின்டரிலும் கல்லூரி மாணவரின் மடிக்கணினியிலும் இருக்கும் 'ஹெச்பி' என்ற இரண்டு எழுத்துகளின் வரிசையை அன்று சுண்டிய காசு முடிவு செய்தது.

அந்தக் கார் ஷெட்டை 1989-இல் கலிஃபோர்னியா அரசு 'சிலிக்கான் பள்ளத்தாக்கின் பிறப்பிடம்' என்று 976-ஆவது வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. வாசலில் உள்ள பலகை அந்தப் பள்ளத்தாக்கின் மூல யோசனையை ஹியூலெட்டுக்கும் தரவில்லை, பேக்கர்டுக்கும் தரவில்லை. கிழக்கே வேலைக்குப் போவதைவிட இங்கேயே சொந்தத் தொழில் தொடங்கச் சொல்லி மாணவர்களை ஊக்குவித்த டெர்மன் என்ற ஆசிரியருக்குத்தான் தருகிறது.